விடுதி அறையை மனத்துக்கு இசைவாக அமைத்துக்கொள்வது எப்படி? புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கல்லூரி விடுதியில் எனக்குக் கிடைத்த முதல் அறையில், கூரையின் நடுவே ஒரே ஒரு குழல் விளக்கு இருந்தது. மேசை அந்த விளக்குக்கு முதுகு காட்டியபடி, சுவரை ஒட்டிப் போடப்பட்டிருந்தது. எழுத உட்கார்ந்தால் என் தலையின் நிழல் நோட்டின் மேற்பாதியில் விழும். கையின் நிழல் எழுதிக்கொண்டிருக்கும் வரியையே மறைக்கும். இரண்டு வாரத்தில் மேசையை விட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்து படிக்கத் தொடங்கினேன். இரண்டு மாதத்தில், அதே கட்டிலில் விளக்கை அணைத்துப் படுத்தாலும் உறக்கம் வராத நிலைக்கு வந்துவிட்டேன். அறையை மாற்றியமைத்தால்தான் மீள முடியும் என்று தோன்றியபோது, எதை முதலில் செய்வது என்று தெரியாமல் வண்ண விளக்குச் சரத்தையும் சுவரொட்டிகளையும் வாங்கி ஒட்டினேன். ஆண்டு முடிவில் அவற்றைப் பிரித்தபோது, உள்ளங்கை அகலத்துக்குச் சுவரின் பூச்சு செதில் செதிலாகக் கையோடு வந்தது. காப்புத் தொகையில் பாதி அதற்கே போயிற்று.

அந்தப் பிழைகள் உங்களுக்கு நேர வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். செய்ய வேண்டிய வரிசை இதுதான்: முதலில் காகிதம் (விண்ணப்பம், படிவம், அனுமதிக் கடிதம்), பிறகு வெளிச்சம், பிறகு உறக்கம், பிறகு சத்தமும் காற்றும், எல்லாவற்றுக்கும் கடைசியில் அலங்காரம். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பணமும் முதல் மாதமும் அதில்தான் வீணாகின்றன.

1. அறை ஒதுக்கப்படும் முன்பே கேளுங்கள்

விடுதி விண்ணப்பத்தில் “சிறப்புத் தேவைகள்” என்றோ “குறிப்பு” என்றோ ஒரு கட்டம் இருக்கும். அதை வெற்றாக விட்டுவிடாதீர்கள். ஒற்றைத் தலைவலி, ஆஸ்துமா, உறக்கக் கோளாறு, பதற்றக் கோளாறு போன்றவற்றுக்கு நீங்கள் ஏற்கெனவே மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்தால், மருத்துவரிடமிருந்து ஒரு பக்கக் கடிதம் வாங்கி விண்ணப்பத்தோடு இணையுங்கள். நோயின் முழு வரலாறும் அதில் வேண்டியதில்லை. “இவருக்கு இயற்கை வெளிச்சமும் காற்றோட்டமும் உள்ள, இரவில் சத்தம் குறைந்த அறை தேவை” என்பது போல, தேவையை நேரடியாகச் சொல்லும் கடிதமே அறை ஒதுக்குபவருக்குப் பயன்படும். ஒதுக்கீட்டுப் பட்டியல் வெளியான பிறகு கொடுக்கப்படும் கடிதம், முன்பே கொடுக்கப்பட்ட கடிதத்தின் பாதி வேலையைக்கூடச் செய்யாது. ஏனெனில் அதற்குள் நல்ல அறைகள் நிரம்பிவிடும்.

அறையைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்தால், அறையின் பரப்பளவை மட்டும் பார்க்காமல் அது இருக்கும் தாழ்வாரத்தையும் பாருங்கள். ஆண்ட்ரூ பாம், ஸ்டூவர்ட் வேலின்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1970களில் மாணவர் விடுதிகளை ஆராய்ந்தார்கள். ஒருவருக்குக் கிடைக்கும் இடம் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தும், முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் பகிர்ந்துகொள்ளும் நீண்ட தாழ்வாரத்தில் வாழ்ந்தவர்கள் நெரிசலை அதிகம் உணர்ந்தார்கள். பிறரைத் தவிர்த்து ஒதுங்கவும் செய்தார்கள். சிறு குழுவாகப் பொது அறையைப் பகிர்ந்துகொண்டவர்களிடம் அது குறைவாக இருந்தது. யாரை எப்போது எதிர்கொள்ள வேண்டியிருக்கும் என்பது தன் கையில் இல்லாத நிலைதான் மனத்தைக் களைப்பாக்குகிறது. ஆகவே அறை சற்றுச் சிறிதானாலும், குறுகிய தாழ்வாரத்தில் இருப்பதையே நான் தேர்ந்தெடுப்பேன். குளியலறைக் கதவுக்கும் மாடிப்படிக்கும் நேர் எதிரே உள்ள அறையைக் கூடுமானவரை தவிர்த்துவிடுங்கள்.

2. சாவி வாங்கும் நாளில் பெட்டியைத் திறக்கும் முன் படம் எடுங்கள்

அறை நிலைப் படிவம் என்ற ஒன்றைத் தந்து கையெழுத்துக் கேட்பார்கள். பலரும் படிக்காமலே கையெழுத்திட்டுவிடுகிறார்கள். நான்கு சுவர்கள், தரை, கூரை, ஜன்னல் தாழ்ப்பாள், கட்டில், மெத்தை, மேசை இழுப்பறை, ஒவ்வொரு மின் இணைப்பு என எல்லாவற்றையும் தேதி தெரியும்படி கைபேசியில் படம் எடுங்கள். முன்பே இருக்கும் ஆணித் துளைகளையும் பூச்சு உரிந்த இடங்களையும் எண்ணிப் படிவத்தில் எழுதுங்கள். “சுவர் நன்றாக உள்ளது” என்று அச்சிடப்பட்டிருந்தால், அதன் பக்கத்தில் “கிழக்குச் சுவரில் 6 துளைகள்” என்று சேர்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். படிவத்தின் நகலைக் கட்டாயம் வாங்கிக்கொள்ளுங்கள். நகல் தர மறுத்தால் படிவத்தையும் படம் எடுத்து, அன்றே விடுதி அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். இதற்கு அரை மணி நேரம் போதும். எனக்கு அந்த அரை மணி நேரம் பெட்டியைப் பிரிப்பதில் போனது. முன்பிருந்தே உரிந்திருந்த ஓர் இடத்துக்கும் சேர்த்து நான் பணம் கட்ட வேண்டியதாயிற்று.

3. முதல் வாரம் எதுவும் வாங்காதீர்கள்

படுக்கை விரிப்பும் தலையணையும் தவிர, முதல் 7 நாள்கள் அறைக்காக எதையும் வாங்க வேண்டாம். அதற்குப் பதிலாக ஒரு சிறு நோட்டு வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நாளும் நான்கு செய்திகளை மட்டும் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு ஜன்னல் வழியே நல்ல வெளிச்சம் வருகிறது, எப்போது எந்தத் திசையிலிருந்து சத்தம் வருகிறது, எத்தனை மணிக்குப் படுத்து எப்போது உறங்கினீர்கள், அறையில் எந்த இடத்தில் அதிக நேரம் இருந்தீர்கள். அளவு நாடாவால் மேசையின் அகலத்தையும், கட்டிலுக்கு அடியில் உள்ள உயரத்தையும், ஜன்னல் சட்டத்தின் உள்ளளவையும் குறித்துக்கொள்ளுங்கள். திரைச்சீலையும் சேமிப்புப் பெட்டியும் பொருந்தாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த மூன்று அளவுகளை ஊகத்தில் சொல்வதுதான்.

அந்த நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பின்னால் வேறொரு காரியத்துக்கும் அது தேவைப்படலாம்.

4. அனுமதியை எழுத்தில் பெறுங்கள்

விடுதி விதிகளில் நான்கு இடங்களைத் தேடிப் படியுங்கள்: சுவரில் எதை ஒட்டலாம், எந்த மின்சாதனங்களுக்குத் தடை, கட்டில் மேசைகளை இடம் மாற்றலாமா, திரைச்சீலை மாட்டலாமா. விதியில் இல்லாதவற்றுக்கு வார்டனிடம் வாய்மொழியாக ஒப்புதல் வாங்கிக்கொண்டு நின்றுவிடாதீர்கள். ஆண்டின் நடுவே வார்டன் மாறினால் அந்தச் சொல்லுக்கு மதிப்பிராது. ஐந்தாறு வரியில் ஒரு கடிதம் எழுதி, செய்யப்போகும் மாற்றங்களை எண்ணிட்டுக் காட்டி, “அறையை ஒப்படைக்கும்போது பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடுவேன்” என்ற வாக்கியத்தைச் சேர்த்துக் கொடுங்கள். என் அனுபவத்தில் அந்த ஒரு வாக்கியம்தான் அனுமதியைப் பெற்றுத்தந்தது. பதில் வரச் சில நாள்கள் ஆகும் என்பதால், முதல் வாரத்திலேயே கடிதத்தைக் கொடுத்துவிடுவது நல்லது.

5. பணத்தைப் பங்கிட்ட பிறகே கடைக்குப் போங்கள்

உங்களால் செலவிட முடிந்த தொகை எவ்வளவானாலும் அதைப் பத்துப் பங்காக்குங்கள். நான்கு பங்கு வெளிச்சத்துக்கு, மூன்று பங்கு உறக்கத்துக்கு, இரண்டு பங்கு ஒலிக்கும் சேமிப்பு இடத்துக்கும், ஒரு பங்கு சுவருக்கு. இது நான் பட்டறிந்து வகுத்துக்கொண்ட கணக்கு. உங்கள் நோட்டு வேறு மாதிரிச் சொன்னால் மாற்றிக்கொள்ளுங்கள். சுவருக்கான பங்கு மட்டும் மேலே ஏறவிடாதீர்கள். பொருளை நகர்த்துவதற்குச் செலவே இல்லை என்பதால், வாங்குவதற்கு முன் நகர்த்திப் பார்த்துவிடுங்கள். விடுதியைக் காலி செய்யும் மூத்த மாணவர்கள் மேசை விளக்குகளையும் புத்தகத் தட்டுகளையும் குறைந்த விலைக்குத் தருவார்கள். ஆனால் மெத்தையையும் தலையணையையும் மட்டும் பழையதாக வாங்க வேண்டாம். மூட்டைப்பூச்சி வந்துவிட்டால் அறை முழுவதையும் காலி செய்து மருந்தடிக்க வேண்டியிருக்கும். எல்லா ரசீதுகளையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள்.

6. வெளிச்சம்: அதிகக் கவனம் தேவைப்படும் படி

நம் கண்ணில் பார்ப்பதற்கான உயிரணுக்கள் போக, பகலா இரவா என்று உடலின் கடிகாரத்துக்குச் சொல்லும் உயிரணுக்களும் உள்ளன. ஏறத்தாழ 480 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீலம் கலந்த ஒளிக்கு அவை அதிகம் எதிர்வினை காட்டுகின்றன. காலையில் வலுவான வெளிச்சம் கிடைத்தால் இரவில் உறக்கம் நேரத்துக்கு வரும். நள்ளிரவில் அதே வெளிச்சம் விழுந்தால் உறக்கம் தள்ளிப்போகும். தூக்கம் குலைந்தால் மனநிலையும் குலைவதைக் கல்லூரி மாணவர்களுக்குத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகால் அளப்பார்கள். சாதாரண அறை விளக்கில் சில நூறு லக்ஸ் வெளிச்சமே கிடைக்கும். மேகமூட்டமான நாளில்கூட வெளியே பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். இந்த இடைவெளியைச் சாதாரண விளக்கை வாங்கி நிரப்ப முடியாது. ஆகவே மேசையை ஜன்னலுக்கு அருகே கொண்டுபோவதுதான் முதல் வேலை. ஜன்னலை நேருக்கு நேர் பார்த்தபடி உட்கார்ந்தால் கண் கூசும்; ஜன்னலுக்கு முதுகு காட்டினால் கணினித் திரையில் வெளிச்சம் பட்டுத் தெறிக்கும். ஜன்னல் உங்கள் பக்கவாட்டில் இருக்க வேண்டும். வலது கையால் எழுதுபவருக்கு வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்தும், இடது கையால் எழுதுபவருக்கு வலப்பக்கத்திலிருந்தும் வந்தால், எழுதும் வரியின்மேல் நிழல் விழாது. ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம் இருந்தால், தலையைத் திருப்பினால் அது தெரியும்படி இருக்கையை வையுங்கள். ரோஜர் உல்ரிக் 1984இல் வெளியிட்ட ஆய்வில், ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்த நோயாளிகள், செங்கற்சுவர் தெரிந்தவர்களைவிட அறுவைக்குப் பிறகு சற்று முன்னதாகவே வீடு திரும்பினார்கள். அவர்களுக்கு வலுவான வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது.

அடுத்து மேசை விளக்கு. படிப்பதற்கும் எழுதுவதற்கும் மேசைமேல் 500 லக்ஸ் அளவு வெளிச்சம் வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. கைபேசியில் உள்ள ஒளி அளவிச் செயலிகளால் இதைத் தோராயமாகப் பார்த்துக்கொள்ளலாம். விளக்கின் பெட்டியில் கெல்வின் என்று ஓர் எண் இருக்கும். அது ஒளியின் நிறத்தைச் சொல்வது; எண் கூடக்கூட ஒளி மஞ்சளிலிருந்து நீலம் கலந்த வெள்ளைக்கு மாறும். 4000 கெல்வின் அளவு பகல் படிப்புக்கு ஏற்றது. 2700 முதல் 3000 வரை மாலைக்கும் இரவுக்கும் ஏற்றது. 6500 கெல்வின் வெள்ளை ஒளியை இரவு அறையில் வைக்கவே வேண்டாம். நிறத்தை மாற்றக்கூடிய ஒரே விளக்கு கிடைத்தால், இரண்டு விளக்குகளின் செலவு மிச்சம். கடையிலேயே விளக்கைப் போட்டுக் கைபேசியின் மெதுநகர்வுக் காட்சியில் (ஸ்லோ மோஷன்) படம் பிடித்துப் பாருங்கள். திரையில் பட்டைகள் ஓடினாலோ ஒளி துடித்தாலோ அந்த விளக்கு மினுக்குகிறது என்று பொருள். தலைவலி உள்ளவர்கள் அதை வாங்கக் கூடாது.

நான் என் மேசையை ஜன்னலோரம் திருப்பிப் போட்ட அன்று, நோட்டின்மேல் நிழல் இல்லாமல் ஒரு பக்கம் முழுவதையும் எழுதினேன். அதுவரை எழுதும்போதெல்லாம் கழுத்தை ஒரு பக்கம் வளைத்து வைத்திருந்தது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

இதில் சிக்கவைப்பவை இரண்டு. ஒன்று, நீலமும் ஊதாவும் கலந்த எல்.இ.டி. சரங்கள்: படத்தில் அழகாக இருக்கும், ஆனால் உறக்கத்தைத் தள்ளிப்போடும் நிற ஒளியும் அதுவே. மற்றொன்று, ஓர் எக்ஸ்டென்ஷன் போர்டில் இன்னோர் எக்ஸ்டென்ஷன் போர்டைச் செருகுவது. விடுதிகளில் தீப்பிடிக்க வழிவகுக்கும் பழக்கம் இது. சோதனைக்கு வருபவர்கள் முதலில் பறிமுதல் செய்வதும் இதைத்தான்.

7. கட்டிலை உறக்கத்துக்கு மட்டும் ஒதுக்குங்கள்

ரிச்சர்ட் பூட்சின் என்ற உளவியலாளர் 1972இல் முன்வைத்த ஒரு முறை, உறக்கமின்மைக்கு இன்றும் பரிந்துரைக்கப்படுகிறது. கட்டிலில் படிக்கக் கூடாது, சாப்பிடக் கூடாது, கைபேசி பார்க்கக் கூடாது. படுத்து ஏறத்தாழ 20 நிமிடமாகியும் உறக்கம் வராவிட்டால் எழுந்து வேறிடத்தில் உட்கார வேண்டும். உறக்கம் வந்த பிறகே திரும்ப வேண்டும். சொல்வது எளிது. விடுதி அறையில் அந்த “வேறிடம்” இல்லாததுதான் சிக்கல். ஆகவே அதை நீங்கள் உண்டாக்க வேண்டும். ஒரு தரைமெத்தை, சுவரோரம் ஒரு பழைய தலையணை, மங்கிய ஒளி தரும் ஒரு சிறு விளக்கு ஆகியவை போதும். படுத்தால் மேசை கண்ணில் படாதபடி கட்டிலின் தலைமாட்டை மாற்றுங்கள். முடியாவிட்டால் இரவில் மேசைமேல் ஒரு துணியை விரித்து மூடிவிடுங்கள். முடியாத வேலை கண்முன் விரிந்து கிடக்க உறங்குவது கடினம். கைபேசியின் சார்ஜரைக் கட்டிலிலிருந்து கைக்கு எட்டாத தொலைவில் வையுங்கள். இந்தப் பழக்கம் ஓரிரு நாளில் பலன் தராது. எனக்கு மூன்று வாரமாயிற்று.

8. சத்தமும் காற்றும்

இரவில் படுக்கையறைக்குள் ஒலி 30 டெசிபலைத் தாண்டாமலிருந்தால் நல்லது என்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். விடுதியில் அந்த அளவு கிடைப்பது அரிது, என்றாலும் குறைக்க முடியும். கதவுக்கும் தரைக்கும் இடையிலுள்ள சந்து வழியாகவே பெரும்பாலான தாழ்வாரச் சத்தம் உள்ளே வருகிறது. அதற்கு ரப்பர் பட்டை ஒட்டலாம். ஆனால் தீத்தடுப்புக் கதவாக இருந்தால் அனுமதி இல்லாமல் எதையும் ஒட்டக் கூடாது. மேடு பள்ளமாக இருக்கும் நுரைப்பலகைகளை வாங்கி ஏமாறாதீர்கள். அவை அறைக்குள் எதிரொலியைக் குறைக்குமே தவிர, அடுத்த அறையின் பேச்சைத் தடுக்கா. நல்ல காதடைப்பான் அவற்றைவிட மலிவு, பலனும் அதிகம். அதை அணிந்தபடி தீ எச்சரிக்கை ஒலி கேட்கிறதா என்று ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள்.

சத்தத்துக்கு அஞ்சி ஜன்னலை எந்நேரமும் சாத்தி வைத்தால் காற்று கெடும். வெளிக்காற்றில் கரியமில வாயு ஏறத்தாழ 420 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 420 பங்கு) அளவில் இருக்கிறது, இருவர் உறங்கும் சிறிய மூடிய அறையில் அது எளிதாக 1000ஐத் தாண்டிவிடும். காலையில் எழும்போதே தலை கனப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். படுக்கும் முன் கால் மணி நேரம் ஜன்னலையும் கதவையும் ஒருசேரத் திறந்து வையுங்கள்.

9. அறைத்தோழரோடு எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள்

மேலே சொன்ன எதுவும் அறைத்தோழர் ஒத்துக்கொள்ளாமல் நிலைக்காது. இரண்டாம் வாரத்துக்குள், மனக்கசப்பு எதுவும் வருவதற்கு முன், இருவரும் உட்கார்ந்து ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள்: பெரிய விளக்கு எத்தனை மணிக்கு அணையும், அழைப்புகளை எங்கே பேசுவது, விருந்தினர் எப்போது வரலாம், ஜன்னல் யார் பொறுப்பு, பொதுவாக வாங்கும் பொருள் ஆண்டு முடிவில் யாருக்கு. தனியாக இருக்க ஒவ்வொருவருக்கும் வாரத்தில் சில மணி நேரம் அறை கிடைக்கும்படி வகுப்பு அட்டவணைகளை ஒப்பிட்டுப் பாருங்கள். தனிமைக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. நடுவில் ஒரு திரை வேண்டுமென்றால் “உன்னைப் பார்க்க வேண்டாம் என்பதற்காக அல்ல, உன் விளக்கு என் கண்ணில் படாமலிருக்க” என்று காரணத்தைச் சொல்லிவிட்டு மாட்டுங்கள். சொல்லாமல் மாட்டிய திரையால் ஒரு நல்ல நட்பை நான் ஏறத்தாழ இழந்தேன்.

10. சுவர், நிறம், செடி

நிறத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். இளஞ்சிவப்புச் சுவர் கோபத்தைத் தணிக்கும் என்று 1970களின் இறுதியில் பரவிய கருத்தைப் பின்வந்த ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. வெளிர்நிறச் சுவர் வெளிச்சத்தை அதிகம் திருப்பித் தரும் என்பது மட்டும் உறுதி. செடி காற்றைத் தூய்மையாக்கும் என்று சொல்லி விற்பார்கள். 2019இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பின் கணக்குப்படி, கட்டடத்தில் இயல்பாக நடக்கும் காற்றோட்டத்துக்கு ஈடாக வேண்டுமானால் ஒரு சதுர மீட்டர் தரைக்குக் குறைந்தது 10 செடிகள் தேவை. செடி வளர்ப்பது பிடித்திருந்தால் ஒன்று வையுங்கள். நாள்தோறும் ஓர் உயிரைக் கவனிப்பது நல்லதே.

சுவரில் மாட்டுபவற்றில் ஒரு செய்தி கவனிக்கத்தக்கது. அர்வின் ஆல்ட்மனும் உடன் ஆய்வாளர்களும் 1980இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரியை விட்டு இடையில் விலகிய மாணவர்களின் சுவர் அலங்காரங்களில் பலவகைத் தன்மை குறைவாக இருந்தது. புதிய இடத்தோடு ஒட்டுதலைக் காட்டுபவையும் குறைவாக இருந்தன. அலங்காரம்தான் மற்றவர்களைத் தங்கவைத்தது என்று இதற்குப் பொருளல்ல. ஆயினும் வீட்டுப் படங்களையே சுவர் முழுவதும் நிரப்பாமல், கல்லூரி நடைபாதையின் படம், புதிய நண்பர்கள் எழுதித் தந்த குறிப்பு என இந்த ஊரில் கிடைத்தவற்றுக்கும் பாதி இடம் விடுங்கள். டபுள் சைடு டேப்பைச் சுவரில் நேரடியாக ஒட்டாதீர்கள். ஒரு மென்பலகையை (சாஃப்ட் போர்டு) மேசைமேல் சாய்த்து வைத்து அதில் குத்திக்கொண்டால் சுவரைத் தொடவே வேண்டாம்.

11. அறையால் ஆகாதது

அறையைச் சீர்செய்த பின்னும் இரண்டு வாரத்துக்கு மேல் உறக்கமின்மை, பசியின்மை, எதிலும் நாட்டமின்மை தொடர்ந்தால், அல்லது வாழ வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறையேனும் வந்தால், தயங்காமல் கல்லூரியின் உளவள ஆலோசகரிடமோ மருத்துவரிடமோ போங்கள். இரண்டாவதற்கு இரண்டு வாரம் காத்திருக்கவே கூடாது. அன்றே யாரிடமாவது சொல்லிவிடுங்கள். மூன்றாம் படியில் தொடங்கிய நோட்டை உடன் எடுத்துச் செல்லுங்கள். “சரியாகத் தூங்குவதில்லை” என்று சொல்வதைவிட, எத்தனை மணிக்குப் படுத்து எப்போது உறங்கினீர்கள் என்ற பதிவு ஆலோசகருக்கு மிகவும் உதவும். தேர்வுக் காலத்தில் ஆலோசகரிடம் நேரம் கிடைப்பது அரிது என்பதால், பருவத்தின் நடுவிலேயே ஒருமுறை பார்த்துவைப்பது நல்லது. அறை மாற்றம் தேவையென்று அவர் கருதினால், அதைப் பரிந்துரைக்கும் கடிதத்தையும் அவரிடமே கேளுங்கள்.

12. அறையை ஒப்படைக்கும்போது

கடைசித் தேர்வுக்கு அடுத்த நாள் எல்லோரும் ஒரே நேரத்தில் காலி செய்வார்கள். அன்று அறையைப் பார்வையிட யாருக்கும் நேரமிருக்காது. ஒரு வாரம் முன்பே நாளும் நேரமும் கேட்டு எழுதுங்கள். ஒட்டியவற்றை அதற்கு மூன்று நாள் முன்னதாக எடுத்துவிடுங்கள். முடி உலர்த்தியின் வெதுவெதுப்பான காற்றைக் காட்டி, சுவரோடு சேர்த்துக் கீழ்நோக்கி மெல்ல உரித்தால் பூச்சு பெரும்பாலும் பிழைக்கும். கட்டிலையும் மேசையையும் முதல் நாள் படத்தில் உள்ளபடி திருப்பிப் போடுங்கள். பார்வையிடுபவர் வரும்போது பழைய படிவம், படங்கள், அனுமதிக் கடிதம் ஆகிய மூன்றும் கையில் இருக்கட்டும். அவர் கையெழுத்திட்ட ஒப்படைப்புச் சீட்டை வாங்கிக்கொண்ட பிறகே சாவியைக் கொடுங்கள். அந்தச் சீட்டையும் ரசீதுகள் உள்ள உறையில் போட்டு, காப்புத் தொகை வங்கிக் கணக்குக்கு வந்து சேரும்வரை பத்திரமாக வைத்திருங்கள்.